கள்ளக்கடலைப் பற்றி நான் படிக்காத வரி

கடல் கரையேறி வரும் என்பது அன்று காலையே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஊருக்குச் சொல்லவில்லை. மறதி அல்ல, வேண்டுமென்றே விட்டேன்.

எங்களுடையது கருங்கலுக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சிறிய ஊர். பூகோள ஆசிரியராக ஓய்வு பெற்ற பிறகு, வானிலை அறிவிப்பைக் காலையில் என் குரலில் பதிந்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். காற்று எந்தத் திசை, மழை உண்டா, அலை எவ்வளவு, நாளைக்கு எப்படி. எழுத்துக்கூட்ட முடியாதவர்களும் அதைக் கேட்டு அன்றைய வேலையை முடிவு செய்வார்கள்.

கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. தெற்கே வெகு தொலைவில் அடித்த புயலின் அலை, நாள்கள் கழித்து நம் கரையில் ஏறும். திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். அந்தச் சித்திரையில் மூன்று முறை எச்சரிக்கை வந்தது. மூன்று முறையும் சொன்னேன். வள்ளங்களை மேட்டுக்கு இழுத்தார்கள். கடல் வரவில்லை.

மூன்றாம் முறையும் பொய்த்த அன்று சாயங்காலம் டீக்கடையில் ஒரு வள்ளக்காரர் எல்லோரும் கேட்கச் சொன்னார்: "சாரே, கடலு உம்ம போனுக்குள்ளதான் ஏறுது. இழுத்து இழுத்து எங்க நடுவு ஒடிஞ்சு போச்சு."

"அடுத்த தடவ சொல்லும்போ தடவுகதுக்கு எண்ணெயும் குடுத்து விடும் ஓய்," என்றார் இன்னொருவர்.

கடை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

நான்காவது எச்சரிக்கை வந்த காலையில், "வானம் தெளிவு, காற்று மிதம், மழை இல்லை, நாளையும் இதே நிலை" என்று மட்டும் பதிந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. கடலைப் பற்றிய வரியைத்தான் படிக்கவில்லை. ஒருநாள் சொல்லாமல் இருந்தால் என் அருமை தெரியட்டும் என்று நினைத்தேன்.

பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் மணலைத் தாண்டி வந்தது. என் பக்கத்து வீட்டுப் பெண், காயப்போட்டிருந்த நெத்தோலி மீனை அள்ளிக்கொண்டிருந்தாள். மேடேற்றாமல் கிடந்த வள்ளம் ஒன்றை அலை தூக்கி அவள் மேல் தள்ளியது. வலது முட்டி நொறுங்கியது. கூடையைத் தலையில் வைத்து வீடு வீடாக மீன் விற்றவள் அவள். அந்த நடை அதோடு நின்றது.

"சாரு என்ன செய்வாரு, கள்ளக்கடலு சொல்லீட்டா வரும்?" என்று ஊர் எனக்காகப் பேசியது. அதைக் கேட்டுக்கொண்டு ஏழு மாதம் இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவள் கை நிற்கவில்லை.

"மூணு தடவயும் நெத்தோலிய வீட்டுக்குள்ள வச்சிருந்தேன் சாரே. அன்னைக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியேன்னுதான் கொண்டு விரிச்சேன்."

"தெரியும் மக்கா."

"எங்கிட்ட மட்டும் சொல்லீட்டுப் போயிரலாம்னு பாக்கியளா? அன்னைக்குக் கேட்ட அத்தன பேருகிட்டயும் சொல்லணும்."

மறுநாள் காலை வானிலையைப் படித்து முடித்து, அதே பதிவில் டீக்கடைச் சிரிப்பு முதல் நடந்ததையெல்லாம் சொன்னேன். சற்று நேரத்தில் அந்த வள்ளக்காரர் வந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்க வாய்க்கு அவளுக்க காலா ஓய்?" என்று மட்டும் கேட்டார். முற்றத்திலிருந்தே திரும்பிப் போனார்.

அறிவிப்பு வேலையை ஊரிலுள்ள ஒரு நர்ஸிடம் கொடுத்துவிட்டார்கள். நியாயம்தான். பக்கத்து வீட்டுப் பெண் இப்போது வாசலில் உட்கார்ந்து கருவாடு விற்கிறாள். காலையில் நான் கடற்கரையிலிருந்து திரும்பும்போது, தண்ணி எப்படிக் கிடக்கு என்று விசாரிக்கிறாள். எனக்குப் பின்னால் வருகிறவரிடம்.