நாலாம் விரலில் கை வைக்காதே

நர்ஸ் என்றால் ஊசி போடுபவள், கட்டுப் போடுபவள் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. திருவனந்தபுரத்தில் குழந்தைகள் ஓ.பி.யில் பதினெட்டு வருஷம் தள்ளியவள் சொல்கிறேன், எங்கள் வேலையில் பாதி "ஒண்ணும் செய்யாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்துவதுதான். பிள்ளைக்கு ஒன்று என்றதும் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல, நடுவில் மாட்டி முழித்தவர்கள்தானே நீங்களும்? கேளுங்கள்.

ஒரு மருந்தாவது

செல்வி பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். ஒன்றேகால் வயசு காவ்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். குழந்தையின் இடது கால் நாலாம் விரலில், நகத்துக்குப் பின்னால், பட்டாணி அளவில் சிவப்பாக ஒரு கட்டி. வேறொரு ஆஸ்பத்திரியில் ஒருமுறை வெட்டியிருக்கிறார்கள். நாலே மாதத்தில் முன்னைவிடப் பெரிதாக வந்துவிட்டது. இனி விரலையே எடுத்துவிடலாம் என்று அங்கே யாரோ சொல்லி அனுப்ப, அழுதழுது செல்வியின் முகம் வீங்கியிருந்தது.

எங்கள் டாக்டர் மேடம் பழைய ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். புற்றுநோய் இல்லை, சின்னக் குழந்தைகளின் விரலில் அபூர்வமாக வருவது. வெட்டினால் பெரும்பாலும் திரும்ப வரும், விட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷத்தில் தானே சுருங்கும். விரல் ரொம்பக் கோணினால் அப்போது பார்க்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டு வா, "இப்போ ஒண்ணும் செய்யண்டா" என்றார். வெளியே வந்ததும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "மலையிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன் சிஸ்டர், பேருக்கு ஒரு மருந்தாவது எழுதித் தரச் சொல்லுங்க."

ஸ்டாம்ப் பேடு

கட்டி வளர்கிறதா என்று தெரிய அளக்க வேண்டும். ஸ்கேலைக் கண்டதும் காவ்யா விட்ட உதையில் என் கண்ணாடி பறந்தது. சரிதான் போடி என்று கவுண்டரிலிருந்த ஸ்டாம்ப் பேடை எடுத்தேன். விரலின் மேல்பக்கம் பஞ்சால் மை தொட்டு, அதன்மேல் தாளை அழுத்தினேன். கட்டி வட்டமாகப் பதிந்தது. பிள்ளை கூச்சத்தில் சிரித்த நேரத்தில் மேடம் ஸ்கேலையும் வைத்து எடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருகைக்கும் ஒரு தாள், தேதியோடு ஃபைலில். அட்டெண்டர் சசியண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிஸ்டரே, ஆதாருக்குக் கைவிரல் போதும் கேட்டோ!"

தலைமுடி

மூன்றாவது தடவை வந்தபோது செல்வி குழந்தையின் சாக்ஸைக் கழற்ற விடவில்லை. நான் கழற்றினேன். கட்டியைச் சுற்றி நீளமான தலைமுடி இறுக்கிக் கட்டியிருந்தது. மரு விழக் கட்டுவார்களே, அதே வேலை. விரலே நீலம் பாரித்துக் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்! சின்னக் கத்தரியால் முடியை நறுக்கிவிட்டு, நிறம் திரும்பும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பியதும், "யாரு கட்டினது? அறிவிருக்கா?" என்று ஓ.பி. முழுக்கக் கேட்கக் கத்தினேன். மாமியார் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். செல்வி தலையைக் குனியவே இல்லை. அவள் சொன்னது எனக்கு இன்னும் சுடுகிறது: "நாந்தான் கட்டினேன். தொத்திக்கும்னு பஸ்ஸுல பக்கத்துல இருந்தவ எந்திரிச்சுப் போயிட்டா. நீங்க சும்மா இருன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க சிஸ்டர்."

குறித்த நாள்

அன்றே என் போன் நம்பரைக் கொடுத்து, கை துறுதுறுத்தால் முடியைத் தேடாதே, என்னைக் கூப்பிடு என்றேன். கூப்பிட்டாள், வாரம் மூன்று தடவை!

ஐந்தாவது வருகைக்குக் கணவன் முருகனும் வந்தார். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் செக்யூரிட்டியாக இருக்கும் அவர் அண்ணன், வேறெங்கோ பேசி விரலை எடுக்க நாள் குறித்துவிட்டாராம். ஃபைல் வேண்டும் என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது; கொடுத்தேன். ஆனால் அன்றைக்கு எடுத்ததையும் சேர்த்து ஐந்து தாளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பிய பிறகுதான் கொடுத்தேன். மூன்றாவது வரை வட்டம் பெருத்திருந்தது. நாலாவது அப்படியே. ஐந்தாவது கொஞ்சம் சின்னது. "மை குறைஞ்சிருக்கும்" என்றார் முருகன். மேடம் எழுதி வைத்திருந்த ஸ்கேல் அளவும் அதையே சொன்னது. அப்படியும் அவர், "அண்ணன் நாள் குறிச்சிட்டாரே..." என்று இழுத்தார். செல்வி எழுந்து ஃபைலைப் பிடுங்கினாள்: "எம்பிள்ளை வெரலுக்கு நாள் குறிக்க ஒங்க அண்ணன் யாரு?"

பெஞ்சில் இருந்த அம்மாள்

போன மாதம் வந்தார்கள். காவ்யாவுக்கு இப்போது மூன்றரை வயசு. கட்டி இருந்த இடத்தில் ஒரு தழும்பு, விரலில் லேசான கோணல், அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். காவ்யா ஸ்டாம்ப் பேடைத் தானே தூக்கி வந்து பத்துக் கால்விரலுக்கும் மை பூசிக்கொண்டாள். பெஞ்சில் இருந்த ஒரு அம்மாள், "அய்யோ பாவம், பொம்பளைப் பிள்ளை, விரல் கோணலா இருக்கே!" என்றார். செல்வி வாயைத் திறப்பதற்குள் காவ்யா முந்திக்கொண்டாள்: "எங் காலு, எம் வெரலு. ஒங்களுக்கென்ன?"

ஒன்றுமே செய்யாமலிருக்க இரண்டு வருஷமும் ஒரு ஸ்டாம்ப் பேடும் நாலு பொம்பளைகளின் வாயும் வேண்டியிருந்தது, ரெஜிஸ்டரில் மட்டும் "சிகிச்சை: இல்லை" என்று இருக்கிறது.