ஆணியடித்த பெட்டி

நானா கையை நீட்டியதும் கவுண்டருக்குப் பின்னால் நின்ற விற்பனையாளர் கண்ணாடி அலுமாரியின் கதவைச் சாத்திவிட்டார். பெரிய சத்தம் ஒன்றும் எழவில்லை. கடையில் இருந்த யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. நீட்டிய கை ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டதை நான் மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

நானா என்றால் எங்கள் முதலாளி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, படங்களுக்குச் சட்டம் போடும் பட்டறை வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் சோனகர் என்றும் சொல்லப்படும் முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்லாலேயே எல்லா மதத்தாரும் அவரை அழைத்தார்கள். நான் மஹய்யாவில் பிறந்த கத்தோலிக்கன். சட்டங்களை அறுப்பதும் மூலை சேர்ப்பதும் அங்கே என் வேலை. முருகன் படம், மாதா படம், புத்தர் படம், மக்காவின் படம் எல்லாம் ஒரே சுவரில் சாய்ந்து பசை காயக் காத்திருக்கும். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தோட்டத்தில் ஏலம் போன வட்டவாள் மேசையை நானா எடுத்தார். எண்ணெய் இன்ஜினோடு பட்டி மாட்டி அதை ஓடவிட்ட அன்று பாலத்தடியில் இருந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அதில் ஒரு குறை இருந்தது. மைட்டர் இல்லை.

மைட்டர் என்று நாங்கள் சொல்வது, மேசையின் மேல் வெட்டியிருக்கும் நீளப் பள்ளத்தில் ஓடுகிற ஓர் இரும்புக் கருவி. கீழே ஒரு தண்டு, மேலே அரைவட்டமான தலை. தலையைத் திருப்பி வேண்டிய கோணத்தில் முடுக்கி, மரத்தை அதில் அணைத்துப் பிடித்து வாளை நோக்கித் தள்ள வேண்டும். படச்சட்டக்காரனுக்கு அதுதான் உயிர். சதுரத்தின் சரிபாதிக் கோணத்தில் ஒவ்வொரு முனையும் அறுபட வேண்டும். ஒரு மயிரிழை தப்பினாலும் மூன்று மூலைகள் எப்படியோ சேர்ந்துவிடும். நான்காவது மூலை வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பசையாலும் மரத்தூளாலும் அடைக்கலாம். நானா அடைக்க மாட்டார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கோயிலின் சிலுவைப் பாதைப் படங்கள் பட்டறைக்கு வந்தன. பதினான்கு படங்கள். பழைய சட்டங்களைக் கறையான் அரித்திருந்தது. ஈஸ்டருக்கு முந்திய தபசுக் காலம் தொடங்குவதற்குள் புதுச் சட்டத்தோடு சுவரில் ஏற வேண்டும். பங்குச் சுவாமியாரிடம் பேசி அந்த வேலையை நானாவுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். கோயில் மூப்பருக்கு அது பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கண்டி டவுனில் அப்போது வெள்ளைக்காரர் நடத்திய பெரிய இரும்புக் கடை ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். நானா தன் மேசையின் பள்ளத்தை அளவு மாறாமல் ஒரு பலாக் கட்டையில் வெட்டி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். அலுமாரிக்குள் இரண்டு மைட்டர்கள் இருந்தன. அவற்றின் தண்டைக் கட்டையின் பள்ளத்தில் ஓடவிட்டு, ஆடுகிறதா என்று பார்த்து, ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதற்குத்தான் கதவு சாத்தப்பட்டது.

"தொட்டுப் பார்க்கிற சாமான் இல்லை இது. சீமையில செஞ்சது. இதில பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார் விற்பனையாளர். அவர் நம்மவர்தான், தமிழ் பேசுகிறவர். அதுதான் இன்னும் எரிச்சல்.

"பள்ளத்துல ஆடாம ஓடுதான்னு ஒருக்காப் பார்த்துட்டுத் தாறேன்" என்றார் நானா.

"வேணுமின்னா வாங்குங்க. இல்லாட்டி மற்ற ஆளுக்கு வழி விடுங்க."

எங்களுக்கு அடுத்தாற்போல் ஒரு தோட்டத்துத் துரை கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் உளிகளைப் பரப்பி, செதுக்கிப் பார்ப்பதற்கென்று பலகைத் துண்டு ஒன்றையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர் ஒவ்வோர் உளியாக எடுத்துச் சீவினார், பிடிக்காததைத் தள்ளினார். சீவல்கள் தரையில் விழ, ஒரு பையன் குனிந்து பொறுக்கினான். எங்களுக்கோ உள்ளேயிருந்து ஆணியடித்த ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அலுமாரியில் இருந்த இரண்டுமே இல்லை. "இது இன்னும் உடைக்காத புதுசு" என்றார் விற்பனையாளர். இங்கேயே திறந்து பார்க்கலாமா என்று நானா கேட்டார். வீட்டில் போய்த் திறக்கச் சொன்னார்கள். தபசுக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கண்டியில் வேறு கடையில் அந்தச் சாமான் கிடையாது. வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்த மைட்டர் எங்களைப் படுத்திய பாட்டை என்னவென்று சொல்வது! தண்டு பள்ளத்தில் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் ஆடும். கோணத்தைச் சரியாக வைத்துத் திருகை முடுக்கினால், முடுக்கும்போதே தலை ஓசைப்படாமல் நகர்ந்துவிடும். காலையில் அறுத்த சட்டம் மாலையில் அறுத்ததோடு சேராது. நன்றாக ஆறிய பலா மரம் துண்டு துண்டாக மூலையில் குவிந்தது. நானா சட்டத்தைச் சேர்த்துப் பிடித்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்குவார். நான்காவது மூலையில் வெளிச்சம் கீற்றாகத் தெரியும். சட்டத்தைப் பிரித்து அந்தக் குவியலில் போடுவார்.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனோம். விற்பனையாளர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பாவிக்கத் தெரியாத ஆள் வாங்கினா இப்படித்தான். நீங்களே எங்கயாவது போட்டு வளைச்சிட்டு, இங்க வந்து புதுசு கேக்கிறீங்களா?" என்றார், கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது. தன் பட்டறையில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் தானே விரலால் தொட்டுக் காட்டி "இதப் பார்த்துட்டு எடுங்க" என்று சொல்லி விற்கிற மனிதரைப் பார்த்து அந்தச் சொல்! நான் வாயைத் திறந்தேன். நானா என் முழங்கையைப் பிடித்து அழுத்தி வெளியே கூட்டிவந்துவிட்டார்.

அதே வாரம் மூப்பர் பட்டறைக்கு வந்தார். சேராத மூலைகளைப் பார்த்தார். நானாவுக்குக் கேட்கும்படியே என்னிடம், "சோனகன் கையில சிலுவைப் பாதையைக் குடுத்தா வேற எப்படி இருக்கும்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க வீட்டு மாதா படத்துக்குச் சட்டம் போட்டது யார்? அதைக் கழற்றிட்டுக் கும்பிடுங்க" என்று கத்திவிட்டேன். மூப்பர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானா அன்று பகல் சாப்பிடவில்லை.

உண்மை தானாக நடந்து வந்தது. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு மேஸ்திரியாக, பாஸ் என்று நாங்கள் சொல்கிற வேலையில், இருந்த ஒருவர் மகளின் கலியாணப் படத்துக்குச் சட்டம் போட வந்தார். வாள் மேசை ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், இன்ஜினை நிறுத்தியதும் கிட்டே வந்து மைட்டரைத் தூக்கிப் புரட்டினார்.

"அட, இது எங்க தோட்டத்துச் சாமானுங்களே! இந்தப் புள்ளியெல்லாம் நான் குத்துனது."

தண்டின் ஓரம் நெடுக, கூரான இரும்பால் குத்தியதுபோல வரிசையாகப் புள்ளிகள் இருந்தன. நாங்களும் அவற்றைப் பார்த்திருந்தோம். சீமையில் செய்யும்போதே போட்ட வேலைப்பாடு என்று நினைத்திருந்தோம். சீமைச் சாமான்மேல் எங்களுக்கு அவ்வளவு மரியாதை.

"பள்ளத்துல ஆடுதேன்னு ஓரத்துல குத்தி அகலப்படுத்திப் பாத்தேங்க. அப்பவும் சரிவரல. துரைகிட்ட சொன்னேன். இது உருப்படாத சாமான்னு கடைக்கே திருப்பி அனுப்பிட்டாரு. மறுபேச்சு இல்லாம வேற ஒண்ணு வந்திருச்சு" என்றார் பாஸ்.

சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குரல் இறங்கியது. "முதலாளி, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிறாதீங்க. எங்க துரையும் அந்தக் கடைத் துரையும் ஒண்ணா உக்காந்து குடிக்கிறவங்க. லயத்து வீட்டை விட்டுப் போன்னு சொல்லிட்டா, புள்ளைகளை இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?"

"ஒங்கட பேர் என்ட வாயால வராது" என்றார் நானா.

மறுநாள் நாங்கள் மூன்றாம் முறையாக அந்தக் கடைக்குள் நுழைந்தோம். நானா மைட்டரைக் கவுண்டர்மேல் புரட்டி வைத்து, புள்ளிகளைக் காட்டினார். "இது ஒருக்கா வித்து, திரும்பி வந்த சாமான். புதுசுன்னு செல்லி எனக்குத் தந்தீக்கிறீங்க."

விற்பனையாளரின் முகம் ஒரு நொடி வெளிறியது. அந்த ஒரு நொடியே எனக்குப் போதும். அவருக்கு முன்பே தெரியும். உள்ளே கடைத் துரையின் கந்தோர் அறைக்குப் போய்விட்டு வந்தார். "யார் சொன்னதுன்னு கேக்கிறார். ஆளைச் சொன்னா வேற ஒண்ணு தரச் சொல்றார்."

கண்ணாடி அலுமாரியில் அந்த இரண்டு மைட்டர்களும் அப்போதும் இருந்தன. நானா அவற்றை ஒருமுறை பார்த்தார். "ஆளைச் செல்ல ஏலாது."

"அப்ப இது நீங்க கட்டின கதை."

"அப்படியே வச்சிக்கோங்க. இந்தச் சாமானையும் நீங்களே வச்சிக்கோங்க" என்று சொல்லி, மைட்டரைக் கவுண்டர்மேலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். வாவிக் கரையோரம் நடந்து வரும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. நானா மட்டும் தலையைக் குனிந்தபடியே நடந்தார்.

அடுத்த காலைக் கோச்சியில் கொழும்புக்குப் போனோம். புறக்கோட்டையின் நெருக்கமான தெருவொன்றில், இரும்புச் சாமான்கள் கூரையிலிருந்து தொங்கும் இருட்டான கடை. நானா கேட்டதும் கடைக்காரர் இருந்த மைட்டர்களையெல்லாம் சாக்குமேல் கொட்டி, "பாத்து எடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் தேநீரைக் குடிக்கப் போய்விட்டார். நானா தரையில் உட்கார்ந்தார். பலாக் கட்டையின் பள்ளத்தில் ஒவ்வொன்றாக ஓடவிட்டார், ஆடியதை ஒதுக்கினார். மிஞ்சியவற்றின் தலையைக் கோணத்தில் நிறுத்தித் திருகை முடுக்கினார், தளர்த்தினார், மறுபடி முடுக்கினார்; முடுக்கும்போது நகர்ந்ததை ஒதுக்கினார். கடைசியாக, நேரான விளிம்புள்ள பலகையில் மைட்டரை அணைத்து ஒரு கோடு கிழித்து, தலையை மறுபக்கம் திருப்பி அதைச் சந்திக்கும்படி இன்னொரு கோடு கிழித்தார். சந்திப்பில் மூலைமட்டத்தை வைத்தார். பளபளப்பாக இருந்த ஒன்று அங்கே தோற்றது. கறுத்துப்போய், பெயரே இல்லாத ஒன்று மூலைமட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்தார். அவர் முகம் மலர்ந்ததை அந்த மாதத்தில் அன்றுதான் பார்த்தேன். எனக்கோ சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. துரைக்குக் கதிரை போட்டுக் கொடுத்த, தொட்டுப் பார்த்து எடுக்கிற உரிமையைத் தேடி, இந்த மனிதர் ஏன் மலையிறங்கி இவ்வளவு தூரம் வந்து தரையில் உட்கார வேண்டும்?

பதினான்கு சட்டங்களும் நேரத்துக்கு முடிந்தன. சுவரில் ஏற்றிய அன்று மூப்பர் ஒரு சட்டத்தின் மூலையில் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கேயும் தடுக்கவில்லை. அவர் நல்லது என்றும் சொல்லவில்லை, முன்பு சொன்னது தப்பு என்றும் சொல்லவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மழைக்காலம் தொடங்கியபோது கம்பளையிலிருந்து ஒரு தச்சர் பட்டறைக்கு வந்தார். தம்பியோடு சேர்ந்து புதிதாக வாள் மேசை போட்டிருந்தாராம். யன்னல் சட்டம் ஒன்றுகூட மூலை சேரவில்லை. நானாவைக் கேட்டால் வழி தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் மரப்பெட்டி. "கண்டியில பெரிய கடையில வாங்கின புதுச் சாமான்தானுங்க. நாந்தான் வைக்கத் தெரியாம வைக்கிறேன்போல" என்று வெட்கத்தோடு சிரித்தார்.

நானா பெட்டிக்குள் கைவிட்டுத் தண்டின் ஓரத்தை விரலால் தடவினார். எடுத்துப் பார்க்கவேயில்லை, அந்தப் புள்ளிகள் விரலில் பட்டதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்ப் பெரிய சம்மட்டியைக் கொண்டுவந்தார். மைட்டரை வாசற்கல்லில் வைத்து ஓங்கி அடித்தார். வார்ப்பிரும்புத் தலை இரண்டாகப் பிளந்தது. பிளந்ததையும் விடாமல் அடித்தார். கோபத்தில் ஒரு உளியைக்கூடத் தூக்கிப் போட்டறியாத மனிதர் அவர்.

"ஐயோ முதலாளி, என் சாமானை உடைச்சிட்டீங்களே!" என்று அலறினார் கம்பளைத் தச்சர்.

"இது ஒங்கட சாமான் இல்ல. என்ட. நான்தான் வீறாப்பா அங்க போட்டுட்டு வந்தேன். அண்டைக்கே ஒடச்சீக்கணும்" என்றார் நானா. அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு உள்ளே போய், புறக்கோட்டையிலிருந்து கொண்டுவந்த எங்கள் மைட்டரைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார். "யன்னல் வேலய முடிச்சிட்டுக் கொண்டுவாங்க. அதுக்குப் பொறகு ரெண்டு பேருமாப் போய் ஒங்களுக்கு ஒண்டு பார்த்து எடுப்போம்." அதுவரை எங்கள் சட்டங்களைக் கைவாளால் அறுத்தோம்.

இன்றைக்குக் கடைகளில் எல்லாவற்றையும் வெளியே தொங்கவிட்டிருக்கிறார்கள். யாரும் எதையும் தொட்டுப் பார்க்கலாம். முன்பெல்லாம் காலம் அப்படி, அதற்கு யார் என்ன செய்வது என்று என் வீட்டிலேயே சமாதானம் சொல்கிறார்கள். காலமா கதவைச் சாத்தியது? காலமா அந்தப் பெட்டிக்கு மறுபடி ஆணியடித்தது? கந்தோருக்குள் இருந்த துரை வெட்கப்படவில்லை. விற்பனையாளர் வெட்கப்படவில்லை. எங்கள் மூப்பரும் வெட்கப்படவில்லை. அந்த விஷயத்தில் வெட்கப்பட்ட ஒரே ஆள் நானாதான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.