பதிமூன்று வரிச் சானெட்

ஆங்கிலச் சானெட் என்னும் பதினான்கு வரிக் கவிதையைக் கற்பிப்பது, காதால் கேட்க வேண்டியதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் தொழில். என்னோடு சேர்ந்து சுண்ணக்கட்டித் தூளை விழுங்கிய சக ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

நான்கு பாயிண்ட்

பணி ஓய்வுக்குப் பின் அரியலூரில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வாரம் ஒரு சானெட்டை வகுப்பில் உரக்க வாசித்தேன். பதினான்கு வரிகள், வரிக்கு ஐந்து அழுத்தம், நான்கு நான்கு வரிகளாக மூன்று பகுதி, அவற்றில் ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு இயைபு, முடிவில் ஈரடி. பக்கத்து வகுப்பிலிருந்து இளம் விரிவுரையாளர் ஒருவர் எழுந்து வந்து, ஏதேனும் பிரச்சினையா என்று விசாரித்தார். கவிதை வாசிக்கிறேன் என்றேன். அவர் பரிவோடு சொன்னார்: "அதெல்லாம் எதுக்குங்க மேடம், கைடுல நாலு பாயிண்ட் இருக்கு, மனப்பாடம் பண்ணச் சொல்லிட்டு உக்காருங்க."

ஐந்து கொட்டை

கலைச்செல்வி ஆண்டிமடத்துக்காரி, முப்பது வயது, இரண்டு குழந்தைகள். விடியலில் முந்திரி உடைத்துவிட்டுக் கல்லூரிக்கு வருவாள்; விரல் நுனிகள் கறுத்திருக்கும். இந்த ஆண்டே பட்டம் முடித்தால் பி.எட். சேரலாம், ஒரு தாளில் தவறினாலும் படிப்புப் போதும் என்று மாமனார் கெடு வைத்திருந்தார்.

மெல்லசையும் அழுத்த அசையும் மாறி மாறி வருவதை அந்த வகுப்பின் காதில் ஏற்ற என்னால் இயலவில்லை. மூன்றாம் நாள் அவள் எழுந்து நின்று, தனக்குப் பிடிபட்டுவிட்டதாகச் சொன்னாள். எப்படி என்று கேட்டேன். "கொட்டையக் கல்லுல வைக்கறப்ப சத்தம் வராதுங்க மேம், கட்டையால தட்டறப்பதான் வரும், அஞ்சு கொட்டை தட்டினா ஒரு வரி."

விடைக்குறிப்பு

அந்தப் பருவத் தேர்வின் தாள்களைப் பெரம்பலூர் முகாமில் திருத்தினோம். வினாத்தாளில் ஒரு சானெட்டை அச்சிட்டு, அதன் வடிவத்தை விளக்கச் சொல்லியிருந்தார்கள், பத்து மதிப்பெண். எல்லாரும் பதினான்கு வரி என்று எழுதியிருந்தார்கள். நானும் முப்பது தாள்களுக்குச் சரி போட்டேன். முப்பத்தொன்றாவது தாள், இக்கவிதையில் பதிமூன்றே வரிகள் உள்ளன என்றது. பத்தாம் வரியின் இயைபுக்குத் துணை இல்லை, ஆகவே அச்சில் விடுபட்டது பன்னிரண்டாம் வரி என்றும் நிறுவியிருந்தது.

வினாத்தாளை எடுத்து எண்ணினேன். பதிமூன்று. இரண்டையும் தலைமைத் தேர்வாளரிடம் கொண்டுபோனேன். அவரும் எண்ணினார். பிறகு தாளைத் திருப்பித் தந்தார். விடைக்குறிப்பை மீறினால் முகாமே நின்றுபோகும் என்றார். நான் இரண்டு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் சமாதானமாகச் சொன்னார்: "கீயில பதினாலுன்னு போட்டிருக்கு மேடம், எண்ணிப் பாக்கச் சொல்லி எங்கயும் போடலயே."

நகல்

கலைச்செல்வி நான்கு மதிப்பெண்ணில் தவறியிருந்தாள். விடைத்தாளின் நகலை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். மறுமதிப்பீட்டுக்கும் அதே விடைக்குறிப்புத்தான் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். தாளைப் பிரித்தேன்; பதிமூன்று வரிகள் என்ற வாக்கியமும், அதன் மேல் சிவப்பு மையும். திருத்தியது நான்தான் என்று சொன்னேன். அவள் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "தெரியுங்க மேம். ஆறு மாசமா உங்க கையெழுத்தப் பாக்கறேன், அது நீங்க போடற ரெண்டுதான்."

பஸ் நிலையம்

ஆறு மாதம் கழித்து அரியலூர் பஸ் நிலையத்தில் பார்த்தேன். பி.எட். சேர்க்கை முடிந்து வெகுநாளாகியிருந்தது. முழுநேரமும் முந்திரி ஆலைக்குப் போகிறாள். அரியர் தேர்வு எழுதினாயா என்றேன். பஸ்ஸில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "எழுதினேன் மேம். இந்தத் தடவ கவிதைய எண்ணல, பதினாலுன்னு எழுதிட்டு வந்துட்டேன், பாஸ்."

பதினான்கு வரி இருந்தாலும் சானெட்தான், பதிமூன்று இருந்தாலும் சானெட்தான். எண்ணினால் மட்டும் அரியர்.