சுகத்திற்காக ஒரு பூசை

பிலோமினா அக்காவைப் பற்றிப் புலனாய்வுக்காரனுக்குச் சொன்னவன் நான்தான். வேறு எவருமில்லை.

எங்கள் ஊர் வங்காலையில் இது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொல்லவில்லை... கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடுகிறேன்.

நான் குடியியல் ஆசிரியன். நிறைவேற்றுத்துறைக்கு எல்லை உண்டு, அந்த எல்லையை அரசியலமைப்பு வகுக்கிறது என்று தரம் பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். "எழுத்தில ஒண்டும் இல்லாமல் வீட்டுக்கு வந்து விசாரிச்சால் என்ன செய்யிறது சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "அது சோதினைக்கு வராது" என்றேன். என்ன ஆசிரியன் நான்!

தேவாலயத்தில் பூசைக்கு முன் கருத்துகளை வாசிப்பவனும் நான்தான். இன்னாருக்காக இன்னார் இந்தப் பூசையை ஒப்புக்கொடுக்கிறார் என்று ஒலிவாங்கியில் சொல்வேன். அதனால்தான் அந்தப் புலனாய்வுக்காரன் என்னைத் தேடி வந்தானோ, என்னவோ.

பிலோமினா அக்கா எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார், நாலு வீடு தள்ளி. யுத்தம் முடிந்த நாளில், விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்ற இராணுவத்தினரை நம்பி, மகன் அன்ரனைத் தன் கையாலேயே ஒப்படைத்தவர். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் மன்னாரில் கூடும்போதெல்லாம் மகனின் படத்தோடு போய் நிற்பார். அன்ரனின் பிறந்த நாளுக்கு ஆண்டுதோறும் பூசை கொடுப்பார்... அவனுடைய சுகத்திற்காக! இறந்தோருக்கான பூசையை அவர் கொடுத்ததே இல்லை.

வந்தவன் சாதாரண உடையில் இருந்தான். எந்தக் கந்தோரிலிருந்து வருகிறான் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் என்னைச் சேர் என்றான், நானும் அவனைச் சேர் என்றேன். கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணியும் கொடுத்தேன். எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்ற ஒரு கேள்வி... வகுப்பில் எத்தனை தரம் சொல்லிக்கொடுத்த கேள்வி! அதை நான் கேட்கவில்லை. பயம். வெறும் பயம்தான்.

அக்கா அரசியல் பேசுகிறவரா என்று கேட்டான். அவருக்கு நன்மை செய்வதாகவே நான் எண்ணினேன், நம்புங்கள்.

"சீச்சீ, அவ பக்தியான மனுசி. மகன்ர சுகத்துக்குப் பூசை குடுக்கிறவ."

"செத்தவருக்கும் அப்படிக் கொடுப்பாங்களா சேர்?"

"இல்லை சேர். செத்தவைக்கு ஆன்ம இளைப்பாற்றி கேப்பம். சுகம் கேக்கிறது உயிரோட இருக்கிற ஆக்களுக்கு."

பாடம் நடத்தினேன்! அவன் சிரித்தபடி தேத்தண்ணியைக் குடித்து முடித்தான்.

பிறகு அக்காவைக் கூப்பிடத் தொடங்கினார்கள். மகன் எங்கே ஒளிந்திருக்கிறான், எந்த நாடு, யாரோடு தொடர்பு... ஒருநாள் என்னிடமே ஆலோசனை கேட்டு வந்தார்.

"மாஸ்ரர், என்ர பிள்ளையைக் கொண்டு போனவங்களே பிள்ளை எங்க எண்டு என்னட்டக் கேக்கிறாங்கள். அதைத்தானே ராசா நான் இவ்வளவு காலமும் உங்களிட்டக் கேக்கிறன் எண்டு சொன்னன். ஏசுறாங்கள்."

எழுத்தில் அழைப்பாணை கேளுங்கள், சட்டத்தரணியோடு போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எனக்குப் பின்னாலும் வருவார்களே என்று நினைத்தேன். "ஒண்டும் நடக்காது அக்கா, போயிட்டு வாங்கோ" என்றேன்.

அவர்கள் அடுத்ததாக அக்காவின் மகளை நெருக்கத் தொடங்கினார்கள். அவள் வேலை செய்யும் இடத்திற்கே போய் அண்ணன் எங்கே என்று விசாரித்தார்கள். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் போனார்கள். அந்தக் கலியாணம் குழம்பியது.

அதற்குப் பிறகு ஒரு மாலையில் அக்கா வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அன்ரனுக்கு ஒரு பூசை சொல்லுங்கோ மாஸ்ரர்... செத்தவைக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ. இவளாவது வாழட்டும்."

"அக்கா..."

"உங்கட குரல் எல்லாருக்கும் நல்லாக் கேக்கும். அவங்களுக்கும் கேக்கட்டும்."

வாசித்தேன். மரித்த அன்ரனின் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் தாயார் ஒப்புக்கொடுக்கும் பூசை என்று என் வாயாலேயே வாசித்தேன். குரல் தடுமாறவில்லை... அதுதான் இன்றும் என்னைக் கொல்கிறது. முன்வரிசையில் அக்கா நிமிர்ந்து நின்றார், அழவில்லை.

பூசை முடிய வழக்கப்படி அவர் வீட்டில் சாப்பாடு. "வாங்கோ மாஸ்ரர், நீங்கள் சாப்பிடாமல் போகக்கூடாது" என்று கூட்டிப்போய் இருத்தினார். சோற்றில் கை வைத்திருக்கையில் தொலைபேசி அடித்தது. அவன்தான்.

"பூசை முடிஞ்சுதா சேர்? என்ன பூசை?"

"செத்தவைக்கான பூசை சேர்" என்றேன். அவன் கேட்காமலேயே மெல்லச் சேர்த்துச் சொன்னேன்: "நான்தான் வாசிச்சனான்."

குசினிக்குள் இருந்து அக்கா கேட்டார், "ஆர் மாஸ்ரர்?"

"பள்ளிக்கூடத்தால அக்கா."

"அவைக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை" என்றபடி வந்து, இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டார். சாப்பிட்டேன்.