கழல மறுத்த டிஸ்க்

அம்மா வீட்டுவேலைக்குக் குவைத்துக்குப் போகவிருந்த நாள் காலையில், அவரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வேண்டிய அப்பாவின் வான் ஒரு சில்லைக் கழற்றிக்கொண்டு ஜாக்கியில் நின்றது. போன மாரி மழைக்கு வாவியின் உப்புத் தண்ணீர் நாவற்குடாவில் எங்கள் வளவுக்குள் ஏறி, விருந்தாளி மாதிரிப் போக மனமில்லாமல் கிடந்தது. வானும் அதற்குள்ளேதான் கிடந்தது. பிறேக் டிஸ்க்கில் வெடிப்பு விழுந்துவிட்டது. புதியதைக் காத்தான்குடியில் வாங்கியாயிற்று, பழையது கழன்றால்தானே! ஹப் என்கிற இரும்புக் குடத்தோடு அதை உப்புத் துரு ஒட்டிவைத்திருந்தது.

பிளேனைத் தவறவிட்டால் முழுக் குடும்பத்தையும் பொலிஸ் பிடிக்கும் என்று ஏஜென்சிக்காரர் வெருட்டிவிட்டுப் போயிருந்தார். நான் நம்பினேன். கக்கூசுக்கும் முற்றத்துக்குமாக வீரத்தோடு ஓடினேன். மறியலில் அடைபட்டால் உடுக்க ஒரு சேட்டும் களிசானும், பசிக்குப் பிஸ்கட்டும் பையில் கட்டினேன். பிஸ்கட்டைப் பதற்றத்தில் நானே தின்று முடித்தேன்.

அப்பா சுத்தியலால் அடித்தார். இளைப்பாறினார். மறுபடி அடித்தார். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா, தங்கச்சியை இடுப்பில் வைத்தபடி அங்கேயே நின்றார்.

"கழலாட்டி என்ன செய்யிற?" மெல்லக் கேட்டார்.

"பாப்பம்," என்றார் அப்பா.

நான் சில்லடியில் குந்திப் பார்த்தேன். டிஸ்க்கில் மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டுகளைப் போட்டு மாறி மாறி முறுக்கினால் டிஸ்க் தானாகத் தள்ளுப்பட்டு வரும். ஊரார் வான்களுக்கு அப்பா அப்படித்தான் செய்வார். சுத்தியல் தூக்குகிறவர்களை ஏசவும் செய்வார். பாவம், பயத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்து, சாமான் பெட்டியைக் கிண்டி இரண்டு போல்ட்டுகளை நீட்டினேன்.

"அப்பா, இதப் போட்டா வந்திருமே."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தங்கச்சியின் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"கெட்டிக்காரன் மனே நீ," என்றார் அப்பா.

கொஞ்சம் முறுக்கியதுமே டிஸ்க் 'டக்' என்று கையோடு வந்தது. நான் துள்ளிக் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. இனி ஒட்டாமலிருக்க அப்பா ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மெல்லிசாகக் கிறீஸ் பூசினார். துரு போன பிறகும் தேய்த்தார். பூசிய இடத்திலேயே பூசினார். கெதியாகப் பூட்டச் சொல்லி அவரையே விரட்டினேன்.

புறப்படும்போது, புதுச் சீலையில் கிறீஸ் படுவதையும் பாராமல், அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வானின் மறைவில் நின்றார். நேரம் போகிறதென்று இருவருக்கும் சத்தம்போட்டு ஞாபகப்படுத்தியவன் நான்தான்.