எஸ்டேட் மாப்பிள்ளை வேடியப்பன்

வேடியப்பனைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவன் கெட்டவன் இல்லை என்பதுதான். பொய் சொன்னான், வாஸ்தவம். ஆனால் அந்தப் பொய்யை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் காசிநாதன். கள்ளக்குறிச்சி ரைஸ்மில் முதலாளியின் ஒரே மகன். அவனுடைய ஜீப்பைத்தான் வெள்ளிமலைக்காரனான வேடியப்பன் ஓட்டிக்கொண்டிருந்தான். நானும் அதே மலை ரூட்டில் வாடகை ஜீப் ஓட்டியவன்.

தொண்ணூற்றாறாம் வருஷம். லாரி முதலாளி ஆதிமூலம் தன் மகள் தங்கமணியைக் காசிநாதனுக்குக் கட்டிவைக்கத் துடித்துக்கொண்டிருந்தார். காசிநாதனுக்கு அதில் இஷ்டமில்லை. அவளைத் தட்டிக்கழிக்க ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு பிறந்தநாள் விருந்தில் தன் சட்டையை வேடியப்பனுக்கு மாட்டிவிட்டு, "கரியாலூர் பக்கம் காபி எஸ்டேட் வச்சிக்கினு இருக்காங்க. என்னவிடப் பெரிய பார்ட்டி" என்று அவளிடம் அறிமுகப்படுத்தினான். இவன் மறுத்திருக்க வேண்டும். தலையை ஆட்டினான்.

பிறகு காசிநாதனின் நண்பர் கும்பல் அருவிக்குப் போகும்போதெல்லாம் தங்கமணிக்கு முன் சீட்தான். அவன் ஓட்டுவதைப் பார்த்தும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. எஸ்டேட்காரர்கள் தாங்களே ஓட்டுவதுதான் ஸ்டைல் என்று நினைத்தாளாம்! வீட்டுக்குக் கூப்பிட்டுக் காபி கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டது.

"அவளப் பாத்தா பேச்சே வர்லடா" என்பான் என்னிடம். அடுத்த நிமிஷமே, "அவுங்க வூட்டு சோபால குந்தினா எழுந்திரிக்கவே மனசு வர்ல" என்பான். அவன் ஆசைப்பட்டது பெண்ணுக்கா, சோபாவுக்கா என்று அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

ஆதிமூலம் விசாரித்திருக்கலாம். பெரிய இடத்தை விசாரித்தால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்துவிட்டார். பெரியவர்களோடு வந்து பெண் கேட்கச் சொல்லி அனுப்பினார். வேடியப்பன் தன் அப்பா இருசப்பனிடம், "டவுன் ஜனம்பா. ஜாஸ்தி பேசாத" என்று மட்டும் சொன்னான். எஸ்டேட் கதையைச் சொல்ல வாய் வரவில்லை. அப்பனையும் மகனையும் மலையிலிருந்து என் ஜீப்பில்தான் இறக்கிக் கொண்டுபோனேன்.

ஆதிமூலத்தின் மனைவி ஜெயம்மாள் பலகாரத் தட்டை வைத்துவிட்டு, "மாப்பிளைக்குக் கார் வாங்கித் தரலாம்னு இருக்கோம். வேற இன்னா எதிர்பாக்கறீங்க?" என்றாள்.

இருசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பிறந்து வளர்ந்த மலையில் மாப்பிள்ளை வீடுதான் பெண்ணுக்குப் பரியம் கொடுக்கும். பெண் வீட்டில் கை நீட்டினால் அசிங்கம்.

"எங்களுக்கு ஒண்ணும் வாணாங்க. பரியம் நாங்கதான் குடுக்கணும்."

ஆதிமூலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. வரதட்சணை வாங்காமல் தாங்களே கொடுக்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய இடம்! வேடியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்குத்தான் தலை சுற்றியது. உண்மையே இவனைக் காப்பாற்றுகிறதா?

"நாலு மூட்டை சாமை, ரெண்டு ஆடு" என்றார் இருசப்பன். "அதுக்கு மேல எங்களால ஆவாதுங்க. மானம் பாத்த காடு, மழ பேஞ்சாதான் வெளச்சல். மிச்சத்துக்குப் பையன் உங்க லாரிய ஓட்டிக் கழிச்சிடுவான். காசிநாதன் ஐயா கிட்டதான் ஜீப்பு ஓட்றான். நல்ல டிரைவருங்க."

பெருமையாகத்தான் சொன்னார்.

உள்ளே இருந்து தங்கமணி வந்தாள். "டிரைவரா நீ?"

"ஆமா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா எங்கூட பேசியிருப்பியா?"

"தெரியல" என்று சொல்லி அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். அவனைவிட அவளை நினைத்துத்தான் எனக்குப் பாவமாக இருந்தது. ஆதிமூலம் எழுந்து வாசலைக் காட்டினார்.

மலை ஏறும்போது இருசப்பன் மகனைத் தொட்டு, "ஏண்டா, பரியத்தக் கம்மியா சொல்லிட்டனா?" என்றார்.

வேடியப்பன் வெளியே பார்த்துக்கொண்டே, "ஆமாப்பா. கம்மிதான்" என்றான். எனக்கு அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஸ்டாண்டில் லாரி டிரைவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இருசப்பன் விடியற்காலையிலிருந்து ஆதிமூலத்தின் கேட் வெளியே நிற்கிறாராம். கையில் பிடித்த கயிறுகளில் இந்தத் தடவை நான்கு ஆடுகள். "இப்பவாவது போதுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறாராம்.