ஏழாம் பாயிண்ட்டில் நான் ஆற்றிய தண்ணீர்

போன வருஷம் பங்குனி மாதம், பிச்சாவரம் காட்டுக்குள் ஒரு குறுகலான வாய்க்காலில் நடந்தது இது. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர். நான், படகு தள்ளுகிற மாமா, இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. நான்காவதாக ஒருவரைச் சேர்க்கலாம் என்றால், என் போனுக்குள் இருந்த சென்னை மேடம். அவரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிச்சாவரம் காப்புக்காடு, வீராணம் ஏரி, கடலூர் பக்கம் ஒரு கழிமுகம் என்று மூன்று இடங்களில் மாதம் ஒருமுறை தண்ணீரை அளக்க வேண்டும். எங்கெங்கே அளக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்திருப்பார்கள், அதற்குப் பெயர் பாயிண்ட். மீட்டரின் முனையைத் தண்ணீரில் விட்டு, எண் ஆடாமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, மீன்கள் சுவாசிக்கிற காற்று எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதையெல்லாம் நோட்டில் எழுதி, போனிலும் ஏற்ற வேண்டும். எல்லா இடத்துக் கணக்கும் சென்னை ஆபீசில் இருக்கிற அந்த மேடத்திடம்தான் போய்ச் சேரும்.

நான் எட்டாவதோடு நின்றவன். பல வருஷம் சவூதியில் இருந்துவிட்டுத் திரும்பியபோது அம்மா இல்லை. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் நின்றே போனது. சிதம்பரத்தில் ஒரு ரூம் எடுத்து இருக்கிறேன். மீட்டர் பெட்டியோடு பஸ் ஏறும்போது "பெட்டில என்னா பாய், மீனா?" என்று கண்டக்டர் கேட்பதுதான் சில நாட்களில் என்னிடம் யாராவது பேசுகிற முதல் பேச்சு. மேடம் அனுப்புகிற "பாயிண்ட் பன்னிரண்டு வரலையே அண்ணா" என்கிற ஒற்றை வரிகளைக்கூட அழிக்க மனசு வராமல் போனில் வைத்திருப்பேன்.

பயம் மட்டும் சின்ன வயதிலிருந்தே கூட இருக்கிறது. ரூமைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போன பிறகு திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுத்துப் பார்த்ததுண்டு. இப்படிப்பட்டவன் கையில் கொடுத்த போனில் ஓர் ஏற்பாடு இருந்தது. போன மாத எண்ணுக்கும் இந்த மாத எண்ணுக்கும் வித்தியாசம் ரொம்ப இருந்தால் கட்டம் சிவப்பாகிவிடும். 'மறுபடி சரிபார்க்கவும்' என்று வரும். படிக்காதவன் எடுத்தது தப்பாகத்தான் இருக்கும், வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று அந்தச் சிவப்பைப் பார்த்ததும் எனக்குத் தோன்றும்.

தை மாதம் ஏழாம் பாயிண்ட்டில் முதல் முறையாகச் சிவப்பு வந்தது. காற்று எப்போதும் ஐந்துக்குக் கிட்டே இருக்கும் இடத்தில் இரண்டு என்று காட்டியது. மறுபடி முக்கினேன். இரண்டுதான். படகு ஆடுவதால் அப்படி என்று நினைத்து, பக்கெட்டில் தண்ணீர் மொண்டு, படகில் வைத்து அளந்தேன். எண் கொஞ்சம் ஏறியது. தூக்கி ஊற்றிக் கலக்கிவிட்டு அளந்தேன். இன்னும் ஏறியது. சிவப்பு போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று அதையே ஏற்றிவிட்டு வந்துவிட்டேன்.

தை மாதம் செய்தது அறியாமை என்று சொல்லலாம். மாசி மாதம் அப்படிச் சொல்ல முடியாது. அந்த முறை மீட்டர் மறுபடி இரண்டு என்று காட்டியதுமே, இன்னொரு முறை முக்கிப் பார்க்காமல் பக்கெட்டைத்தான் எடுத்தேன். தூக்கி ஊற்றினால் எண் ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. ஏன் ஏறுகிறது என்று யோசிக்க மட்டும் பயமாக இருந்தது.

பங்குனியில் மீட்டர் ஒன்றரை காட்டியது. ஒரு பக்கெட்டிலிருந்து இன்னொரு பக்கெட்டுக்கு உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமா துடுப்பை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"எத்தினி வாட்டி ஊத்துவ பாய்? தண்ணிக்கே தல சுத்திடும் போல."

இறால் தடவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். இந்தப் பக்கத்தில் இறால் பிடிக்கிறவர்கள் இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவுவார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள். அந்த அக்கா பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்.

"என்னா பாய், டீ ஆத்துறியா? எனக்கும் ஒரு கிளாஸ் குடு."

நானும் சிரித்தேன். சும்மா பேச்சுக்கு, "இன்னிக்கு இறால் எப்டிக்கா?" என்று கேட்டேன்.

"எங்க இருக்குது இறாலு? விடியக்கால வந்து பாரு. மீனெல்லாம் வாய மேல தூக்கிகினு காத்துக்குத் தவிக்கிது. மேல எவனோ இறால் பண்ணக் கழிவுத் தண்ணியத் தொறந்து வுடுறான். மூணு மாசமா பறி நெறயல. எம்மவளுக்கு நர்சிங் பீஸ் கட்டணும், என்னா பண்றதுன்னே தெரில."

"மீன் ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதான?" என்றார் மாமா.

"சொல்லாமயா? ரெண்டு வாட்டி போயிட்டு வந்தேன். மாசா மாசம் அளக்குறாங்களாம், கம்ப்யூட்டர்ல தண்ணி நல்லா இருக்குதுன்னு வருதாம். எந்தக் கண்ணு தெரியாதவன் அளந்தானோ!"

பக்கெட் என் கையில் அப்படியே நின்றது. டீயைத் தூக்கி ஆற்றினால் காற்று கலந்து நுரைக்கிற மாதிரி, நான் ஊற்றி ஊற்றித் தண்ணீருக்குள் காற்றை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கண்ணு தெரியாதவன் நான்தான். பக்கெட் தண்ணீரை வாய்க்காலிலேயே கொட்டினேன். அவர் பறியைக் கவ்விக்கொண்டு மறுபடி குனிந்துவிட்டார்.

அந்த மாதம் ஏழாம் பாயிண்ட்டை ஏற்றாமலே கரைக்கு வந்தேன். சொன்னால் வேலை போகும். வேலை போனால் மேடத்தின் அந்த ஒற்றை வரிகளும் நின்றுவிடும். சொல்லாவிட்டால் அந்த அக்கா மூன்றாவது தடவையும் ஆபீசுக்கு நடப்பார். படகுத்துறையில் வெயிலில் நின்றுகொண்டு மேடத்துக்குப் போன் போட்டேன். பக்கெட் விஷயம் முழுவதையும் சொன்னேன்.

மேடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?"

"செவப்பு வந்துச்சு மேடம். நான்தான் தப்பா எடுக்கிறேன்னு நெனச்சிட்டேன்."

"சிவப்புன்னா நீங்க தப்புன்னு அர்த்தம் இல்லண்ணா. நூத்துக்கணக்கான எண்ணுல அது மட்டும் என் கண்ணுல படணும்னுதான் அந்தச் சிவப்பு. ஏழாம் பாயிண்ட்ல சிவப்பே வரலன்னு நானும் நிம்மதியா இருந்துட்டேன்." அடுத்துக் கேட்டார். "மொதல்ல வந்த எண் எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

இருந்தது. எதையும் அழிக்கப் பயப்படுகிறவன் நான். நோட்டின் ஓரத்தில் மூன்று மாதமும் முதலில் வந்த எண்களைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன்.

"பக்கத்த எல்லாம் போட்டோ எடுத்து இப்பவே அனுப்புங்க. அதுதான் கணக்கு. நீங்க ஏத்துனதுக்குப் பக்கத்துல சந்தேகம்னு போடணும். காரணமும் எழுதணும். என்னன்னு எழுதட்டும்?"

"பயம்னு எழுதுங்க மேடம்."

அவர் அப்படி எழுதவில்லை. 'அளந்தவர் தண்ணீரைப் பக்கெட்டில் ஊற்றி அளந்தார், அவரே தெரிவித்தார்' என்று எழுதி எனக்கும் படித்துக் காட்டினார். வேலை போகவில்லை. பத்து நாளில் அதிகாரிகள் விடியற்காலையில் வந்து அளந்தார்கள். மேலே பண்ணைக்காரர் திறந்துவிட்டிருந்த வாய்க்காலை அடைத்தார்கள். தண்ணீர் மெல்லத் தேறியது. ஆனால் அந்த அக்காவுக்குப் போன மூன்று மாதம் போனதுதான்.

சித்திரையில் போனபோது அவரிடம் நானே சொன்னேன். மாமா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். இருந்தாலும் சொன்னேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அது?"

அவ்வளவுதான். பறியை வாயில் கவ்விக்கொண்டு திரும்பிவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய்விட்டேன், என்னிடம் பேசுவதற்காக அந்தப் பறி அவர் வாயை விட்டு வந்ததே இல்லை. மகள் படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் ஒன்று நடக்கிறது. நான் மீட்டரைத் தண்ணீரில் விட்டதும், சேறு கலங்காமல் இருக்கட்டும் என்று அவர் தடவுவதை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்கிறார். எண் நிலைக்க இரண்டு நிமிஷம்கூட ஆகும். அதுவரை கையைத் தண்ணீருக்குள் வைத்தபடி, என் பக்கம் பார்க்காமல் நிற்கிறார். நான் மீட்டரை எடுத்ததும் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எண் உண்மையாக வர வேண்டும் என்று எனக்காக வேலையை நிறுத்தி நிற்கிற ஒருத்தர் இருக்கிறார் என்ற நினைப்புதான், மற்ற பாயிண்ட்டுகளில் தனியாக நின்று கணக்கை ஏற்றும்போது சிவப்பு வந்தாலும் வருகிறபடியே அனுப்புகிற தைரியத்தை இன்றும் எனக்குத் தருகிறது.